மேடைக்கு எந்த பேஸ் ஆம்ப்? வாட்ஸுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேட்டவர் சொன்ன விவரம் இது. நான்கு கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறார். வீட்டில் 25 வாட்ஸ் ஆம்ப் ஒன்றில் பழகியிருக்கிறார். இப்போது ஒரு மெல்லிசைக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது. கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் என மூன்று விதமான மேடைகள். எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்க வேண்டும், பெடல்கள் அவசியமா, ஐந்து கம்பி பேஸுக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறார்.

வாட்ஸ் கணக்குக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உங்கள் ஆம்ப் கேட்கப்போவதில்லை. பேஸ் கிட்டாரிலிருந்து ஒரு வயர் மிக்சருக்குப் போகும். அங்கிருந்து மேடைக்கு இருபுறமும் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்குப் போகும். கூட்டத்துக்குக் கேட்பது அதுதான். உங்கள் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் உங்களுக்கும், டிரம்ஸ் அல்லது ஆக்டோபேட் (குச்சியால் தட்டும் எலெக்ட்ரானிக் தாளக்கருவி) வாசிப்பவருக்கும், கீபோர்டுக்காரருக்கும் கேட்டால் போதும். ஆக உங்களுக்கு இரண்டு வேலைகள் உண்டு. மிக்சருக்கு நல்ல சிக்னல் கொடுப்பது ஒன்று, நீங்கள் வாசிப்பது உங்களுக்கே தெளிவாகக் கேட்பது இன்னொன்று. புதிதாக மேடை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருக்கும் பணம் முழுவதையும் இரண்டாவது வேலைக்குச் செலவழித்துவிட்டு, முதல் வேலையை அன்றைக்கு மைக்செட்டுக்காரர் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதனிடம் விட்டுவிடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

பெரிய ஆம்ப் மீதான மோகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லியோ ஃபெண்டர் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தது 1951-இல். அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகு வெகுநாள் வரையிலும் அரங்கத்து ஒலிபெருக்கியில் பாடகர் குரல் மட்டுமே போகும். பேஸ் சத்தம் கடைசி வரிசைவரை போக வேண்டுமென்றால் மேடையில் இருக்கும் ஆம்ப்தான் அதைச் சுமக்க வேண்டும். கூட்டம் பெரிதாகப் பெரிதாக ஆம்ப்பும் பெரிதானது. 1969-இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட்ஸ் வால்வு ஆம்ப்பைக் கொண்டுவந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதன் முன்மாதிரிகளைப் பயன்படுத்தியது. ஸ்பீக்கர் இல்லாத தலைப்பகுதி மட்டுமே 35 கிலோவுக்கு மேல். அதோடு வரும் எட்டு ஸ்பீக்கர் கேபினெட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, 60 கிலோவுக்கு மேல். அருமையான சத்தம், மறுக்கவில்லை. ஆனால் அது தீர்த்துவைத்த சிக்கல் இன்றைக்கு உங்கள் மேடையில் இல்லை. இதே ஆம்பெக் 1960-இல் கொண்டுவந்த பி-15 என்ற சிறிய ஆம்ப்பின் திறன் வெறும் 25 வாட்ஸ். ஸ்டுடியோக்களில் பல வருடம் அதுதான் முதல் தேர்வாக இருந்தது. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் ஆம்ப்பே இல்லாமல், நேரடியாக மிக்சிங் கன்சோலுக்குள் வாசித்துப் பதிவு செய்தவர்.

சரி, மிக்சருக்குப் போகும் சிக்னல். பல சர்ச்சுகளில் பேஸ் கிட்டாரை ஒரு சாதாரண கேபிளால் நேராக மிக்சரின் லைன் சொருகியில் மாட்டிவிடுவார்கள். சத்தம் வரும், ஆனால் போர்வை போர்த்தியதுபோல் மங்கலாக இருக்கும். ட்ரெபிளைத் திருகினால் இரைச்சல் கூடுமே தவிர தெளிவு வராது. காரணம் எளிது. பேட்டரி இல்லாத பாஸிவ் பேஸின் பிக்அப்புக்கு (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) எதிர்ப்பக்கம் சுமார் 10 லட்சம் ஓம்ஸ், அதாவது 1 மெகாஓம் இன்புட் வேண்டும். மிக்சரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 ஆயிரம் ஓம்ஸ் அளவில்தான் இருக்கும். அவ்வளவு பெரிய பளுவை பிக்அப் மேல் ஏற்றினால் மேல் அதிர்வுகள் முதலில் செத்துவிடும். இதைச் சரிசெய்வதற்குத்தான் டி.ஐ. பாக்ஸ். கிட்டார் பக்கம் உயர்ந்த இம்பிடன்ஸ் (ஓம்ஸில் அளக்கும் மின்தடை), மிக்சர் பக்கம் தாழ்ந்த இம்பிடன்ஸில் எக்ஸ்.எல்.ஆர். இணைப்பு, அதாவது மைக் கேபிளில் இருக்கும் மூன்று பின் சொருகி. மைக் கேபிள் வழியாக முப்பது, நாற்பது மீட்டர் போனாலும் சிக்னல் கெடாது. உங்கள் பேஸ் பாஸிவ் என்றால் ஆக்டிவ் டி.ஐ. வாங்குங்கள். பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாஸிவ் டி.ஐ. போதும். ஆக்டிவ் டி.ஐ. மிக்சரிலிருந்து வரும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரில், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரத்தில் ஓடும். சில சின்ன மிக்சர்களில் அது இருக்காது, அதனால் உள்ளே பேட்டரியும் போட முடிகிற மாடலாகப் பாருங்கள்.

இதற்கு ஒரு படி மேலே போய், டி.ஐ. வசதியுடன் கூடிய பேஸ் ப்ரீஆம்ப் பெடல் (ஆம்ப்புக்கு முன்பே சத்தத்தின் தன்மையை அமைத்துத் தருவது) வாங்குவதைத்தான் உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் முதலில் சொல்வேன். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. இந்த வகையில் உலகம் முழுக்க மேடைகளில் பார்க்கக் கிடைப்பது. பழைய பதிப்பில் மிட் கன்ட்ரோல் கிடையாது; இயல்பாகவே நடு அதிர்வுகளைக் கொஞ்சம் குடைந்துவிடும். இரண்டாம் பதிப்பில் மிட் திருகியும், அது 500 ஹெர்ட்ஸிலா 1000 ஹெர்ட்ஸிலா என்று தேர்ந்தெடுக்கும் பொத்தானும் வந்துவிட்டன. செகண்ட் ஹாண்டில் வாங்கினால் எந்தப் பதிப்பு என்று கேட்டு வாங்குங்கள். ஃபின்லாந்தின் டார்க்கிளாஸ் பெடல்கள் அற்புதமானவைதான், ஆனால் அவற்றின் தனித்தன்மை கரகரப்பான டிஸ்டார்ஷனில் இருக்கிறது. மெல்லிசைக் கச்சேரிக்கு அது அபூர்வமாகவே தேவைப்படும். இப்படி ஒரு பெடல் கையில் இருந்தால், எந்த ஊருக்குப் போனாலும், எந்த மைக்செட் வந்தாலும் உங்கள் சத்தம் உங்களோடு வரும். ஆம்ப் ரிப்பேர் ஆகிப்போன நாளில்கூட மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டு வாசித்து முடித்துவிடலாம்.

அடுத்தது மிட், அதாவது நடு அதிர்வுகள். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பியான ஈ, 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 அதிர்வில் ஒலிக்கிறது. மேலே இருக்கும் ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். அப்படியானால் பேஸ் என்று எழுதிய திருகியைக் கூட்டினால் பேஸ் நன்றாகக் கேட்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. அடிக்கம்பியை மீட்டும்போது 41 ஹெர்ட்ஸில் வரும் ஆதார அதிர்வைவிட அதன் இரண்டாம் மடங்கான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலிருப்பவையும்தான் பெரும்பாலும் வலுவாக இருக்கும். நம் காது அந்த மேலடுக்குகளிலிருந்தே சுரத்தைப் புரிந்துகொள்கிறது. புகழ்பெற்ற அந்த ஆம்பெக் எட்டு ஸ்பீக்கர் கேபினெட்டின் விவரக்குறிப்பைப் பாருங்கள். 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைகிறது. ராக் இசையின் முழங்கும் பேஸ் சத்தம் என்று நாம் கொண்டாடுவது அடிமட்ட அதிர்வு குறைவாகவே உள்ள ஒரு பெட்டியிலிருந்து வந்ததுதான்.

இப்போது உங்கள் குழுவை நினைத்துப் பாருங்கள். ஆக்டோபேடிலிருந்து வரும் கிக் சத்தம் ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸில் இடம்பிடித்திருக்கும். தபேலாவின் இடது பக்கம் அதற்குக் கொஞ்சம் மேலே. கீபோர்டுக்காரரின் இடது கை 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை நிரப்பிக்கொண்டிருக்கும். இந்தக் கூட்டத்தில் அடி அதிர்வை மட்டும் கூட்டினால் உங்கள் பேஸ் ஒரு பொதுவான முழக்கத்தில் கரைந்துபோகும். எந்த சுரம் வாசிக்கிறீர்கள் என்று பாடகருக்குத் தெரியாது, உங்களுக்கே தெரியாது. 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் கொஞ்சம் ஏற்றுங்கள், 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் இறக்குங்கள், சட்டென்று முன்னால் வந்து நிற்கும். இளையராஜா பாடல்களின் பேஸ் வரிகள் இதற்கு நல்ல பரீட்சை. அங்கே பேஸ் அடித்தளம் போடுவதோடு நிற்பதில்லை, பாட்டுக்கு எதிராகத் தனி மெட்டே பாடிக்கொண்டு கிட்டார் கழுத்தின் மேல்பகுதிவரை ஏறி இறங்கும். மிட் இல்லாத செட்டிங்கில் அதை வாசித்தால் வரியின் பாதி காணாமல் போய்விடும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது இதற்கு நேர்மாறான செட்டிங்தான் இனிமையாக இருக்கும், பேஸும் ட்ரெபிளும் ஏற்றி, மிட்டை இறக்கி வைப்பது. இதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குத் தாழ்ந்த அதிர்வுகள் சரியாகக் கேட்பதில்லை. சத்தம் கூடக்கூட அந்தக் குறை மறைந்துவிடும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-இல் அளந்து வெளியிட்ட விஷயம் இது. படுக்கையறையில் மெதுவாக வைத்து ரசித்த செட்டிங், மேடைச் சத்தத்தில் குமுகுமுவென்று குமுறுவது இதனால்தான். வீட்டு செட்டிங்கை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாத் திருகியையும் நடுவில் வைத்து, முழுக் குழுவும் வாசிக்கும்போது அங்கிருந்து மாற்றுங்கள்.

இனி வாட்ஸ். திறனை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும் வித்தியாசம், அவ்வளவுதான். காதுக்கு இரு மடங்கு என்று படுவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஆகவே 300 வாட்ஸா 500 வாட்ஸா என்று மண்டையைக் குழப்பிக்கொள்வதில் பொருளில்லை; இரண்டுக்கும் இடையில் 2 டெசிபலுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதைவிட ஸ்பீக்கரின் சென்ஸிடிவிட்டியைப் பாருங்கள். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் கேபினெட்டுக்குப் பதில் 100 டெசிபல் தருவதை வாங்கினால் ஆம்ப்பின் திறனை இரட்டிப்பாக்கிய பலன் கிடைத்துவிடுகிறது. அட்டைப்பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் பீக் வாட்ஸைக் கணக்கில் எடுக்காதீர்கள். தொடர்ந்து தரக்கூடிய திறனான ஆர்.எம்.எஸ். எவ்வளவு, எத்தனை ஓம்ஸில் என்று பாருங்கள். மார்க்பேஸின் லிட்டில் மார்க் 3 என்ற ஆம்ப்பில் 500 வாட்ஸ் என்பது 4 ஓம்ஸுக்கு. 8 ஓம்ஸ் கேபினெட் ஒன்றை மட்டும் மாட்டினால் 300 வாட்ஸ்தான் வரும். அந்த ஆம்ப்பின் எடை 3 கிலோகூட இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கிளாஸ்-டி சர்க்யூட்டும் நியோடைமியம் காந்தங்களும் வந்த பிறகு பேஸ்காரர்களின் முதுகுக்கு விடிவு காலம் பிறந்தது.

உங்கள் மூன்று மேடைகளுக்கும் தேவை ஒன்றாக இல்லை. சர்ச்சிலும் ரிசப்ஷன் ஹாலிலும் சப்வூஃபருடன் கூடிய நல்ல ஒலிபெருக்கி இருக்கும் என்றால், ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள 100 வாட்ஸ் காம்போ ஆம்ப் உங்களுக்குத் தாராளம். ஃபெண்டர் ரம்பிள் 100 போன்ற ஒன்று, 12 அங்குல ஸ்பீக்கர், எடை 10 கிலோ, ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிடலாம். பின்னால் எக்ஸ்.எல்.ஆர். அவுட்டும் இருக்கிறது. இதே வரிசையின் 25 வாட்ஸ் மாடலில் அந்த அவுட் கிடையாது; அதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா மேடை தனி ரகம். பெரிய குழு வந்தால் பெரிய சிஸ்டம் வரும், பிரச்சினை இல்லை. சில ஊர்களில் இன்னமும் கம்பத்தில் கட்டிய கோன் ஸ்பீக்கர்களும் மேடையோரம் இரண்டு பாக்ஸும்தான். கோன் ஸ்பீக்கரில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது, உங்கள் பேஸ் அதில் கேட்கவே கேட்காது. அந்த இடத்தில் மட்டும்தான் ஆம்ப் தானாகவே சுமக்க வேண்டியிருக்கிறது. திறந்தவெளி வேறு, சத்தத்தைத் திருப்பித் தர சுவரும் கூரையும் இல்லை. அடிக்கடி அப்படிப்பட்ட மேடை கிடைக்கும் என்றால் ரம்பிள் 500 போல இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள காம்போ வாங்குங்கள். எடை 17 கிலோவுக்குள். தனியாக ஓடும்போது 350 வாட்ஸ், கூடுதலாக ஒரு 8 ஓம்ஸ் கேபினெட் மாட்டினால் 500. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் என்றால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம்.

ஓம்ஸ் கணக்கில் அலட்சியம் வேண்டாம். 8 ஓம்ஸ் கேபினெட் இரண்டை ஒரே ஆம்ப்பில் இணைத்தால் மொத்தம் 4 ஓம்ஸ். 4 ஓம்ஸ் இரண்டை இணைத்தால் 2 ஓம்ஸ், பெரும்பாலான ஆம்ப்கள் அதற்குத் தயாரானவை அல்ல. சூடேறி நின்றுவிடும் அல்லது புகைந்துவிடும். அதனால் முதல் கேபினெட்டை 8 ஓம்ஸாக வாங்குங்கள், பின்னால் இன்னொன்று சேர்க்க வழி இருக்கும். அப்படிச் சேர்க்கும்போது தாழ்ந்த அதிர்வுகளில் 6 டெசிபல்வரை கூட ஏற்றம் கிடைக்கும். வாட்ஸை இரட்டிப்பாக்குவதைவிட இது பெரிய லாபம். ஆம்ப்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது, சூடேறும். ஸ்பீகான் சொருகி உள்ள ஸ்பீக்கர் கேபிள்தான் சரி. 10 அங்குலமா 15 அங்குலமா என்ற பட்டிமன்றத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். பெட்டியை எப்படி வடிவமைத்திருக்கிறார்கள், கூம்பு எவ்வளவு தூரம் முன்பின் அசையும் என்பதில்தான் அடி சத்தம் இருக்கிறது. நல்ல 10 அங்குலம் சுமாரான 15 அங்குலத்தை எளிதாக வென்றுவிடும். எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்ப்பில் மட்டும் பேஸை உரக்க வாசிக்காதீர்கள், அந்த ஸ்பீக்கர் கிழிந்துவிடும். சர்ச்சில் கீபோர்டு ஆம்ப் சும்மா கிடந்தால் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அது முழு அதிர்வெல்லைக்கும் செய்யப்பட்டது.

ஆம்ப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பது எந்த ஆம்ப் என்பதற்குச் சமமாக முக்கியம். பலரும் தரையில் வைத்து அதற்கு ஒரு மீட்டர் முன்னால் நிற்பார்கள். தெளிவைத் தரும் மேல் அதிர்வுகள் நேர்கோட்டில் போகும் குணமுடையவை, அவை முழங்காலில் பட்டுப் போய்விடும். தாழ்ந்த அதிர்வுகள் எல்லாப் பக்கமும் பரவும். 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8 மீட்டருக்கு மேல், அதற்கு உங்கள் ஆம்ப் பார்க்கும் திசையெல்லாம் பொருட்டே இல்லை. விளைவு, உங்களுக்குச் சரியாகக் கேட்காமல் நீங்கள் சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், முன்வரிசையில் இருப்பவருக்கும் பாடகரின் மைக்குக்கும் குமுறல் போகிறது. நம்மூர் மேடை பெரும்பாலும் இரும்புச் சட்டத்தின் மேல் போட்ட பலகை, கீழே வெற்றிடம். அது தானும் சேர்ந்து அதிரும். ஆம்ப்பை ஒரு உறுதியான நாற்காலி மேலோ ஸ்டாண்டிலோ ஏற்றி வையுங்கள், இல்லையென்றால் முகத்தைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். அடி சத்தம் கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கும், அது நல்லதுதான். பாதி வால்யூமில் இரு மடங்கு தெளிவு கிடைக்கும். மைக் வைத்திருக்கும் பாடகரின் முதுகுக்கு நேர் பின்னால் வைக்காதீர்கள். டிரம்ஸ்காரரின் பக்கவாட்டில் வையுங்கள், அவருக்குத்தான் உங்கள் பேஸ் அதிகம் தேவை.

மின்சாரத்தைப் பற்றி நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். 1972-இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து மேடையிலேயே உயிரிழந்தார். உங்கள் கை எப்போதும் கம்பியில் இருக்கிறது, அந்தக் கம்பி ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஆம்ப் ஒரு லைனிலும் மிக்சர் வேறொரு லைனிலும் இருந்து, இரண்டில் ஒன்றில் எர்த் இல்லாமல் லீக்கேஜ் இருந்தால், கோரஸ் பாட உதட்டை மைக்கில் வைத்த நொடியில் ஷாக் அடிக்கும். ஜெனரேட்டரில் ஓடும் பந்தல்களில் எர்த் ஒயரே இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நிறைய உண்டு. மூன்று விளக்கு எரியும் சிறிய சாக்கெட் டெஸ்டர் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள். எதை மாட்டுவதற்கு முன்னும் அதை மாட்டிப் பாருங்கள். எர்த் இல்லையென்று காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள், கச்சேரி பத்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் பரவாயில்லை. முடிந்தவரை மேடையில் உள்ள எல்லாமே மிக்சருக்கு வரும் அதே லைனிலிருந்து எடுக்கப்பட வேண்டும்.

இரண்டு எர்த் பாதை இருப்பதால் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள், அது சிக்னல் கேபிள் வழியாகப் போகும் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கி உறுமலை நிறுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. யார் சொன்னாலும் அதைச் செய்ய விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் வாங்கி வந்த ஆம்ப் என்றால் பின்பக்கத் தகட்டில் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் மாட்டிய உடனே போய்விடும்.

மிக்சரில் இருப்பவரோடு நல்லுறவு ஆயிரம் வாட்ஸுக்குச் சமம். சவுண்ட் செக்கில் அவர் சொல்லும்போது மட்டும் வாசியுங்கள். கச்சேரியில் எவ்வளவு அழுத்தி வாசிப்பீர்களோ அதே அழுத்தத்தில் நான்கு கம்பியிலும் வாசித்துக் காட்டுங்கள், அப்போதுதான் அவர் கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவை) சரியாக வைக்க முடியும். ஆம்ப்பின் டி.ஐ. அவுட்டைக் கொடுக்கிறீர்கள் என்றால் அதில் ப்ரீ, போஸ்ட் என்று ஒரு பொத்தான் இருக்கும். ப்ரீயில் வையுங்கள். போஸ்டில் இருந்தால் நீங்கள் மேடையில் உங்கள் காதுக்காக ஈக்யூவை (பேஸ், மிட், ட்ரெபிள் திருகிகளை) தொடும்போதெல்லாம் வெளியே அவர் அமைத்த சத்தம் மாறிப்போகும். தாழ்ந்த அதிர்வுகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 35 அல்லது 40 ஹெர்ட்ஸில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே இருப்பது விரல் தட்டலும் மேடை அதிர்வும்தான். அதை வெட்டினால் சப்வூஃபருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

பெடல்களில் டியூனர் கட்டாயம். பாஸ் டியூ-3 மாதிரி, மிதித்தால் சத்தத்தை நிறுத்தும் வகையாக இருந்தால் பாட்டுகளுக்கு இடையில் யாருக்கும் தெரியாமல் சுருதி சேர்த்துவிடலாம். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கம்ப்ரஸர் பிறகு வாங்கலாம். மிக்சரிலேயே பெரும்பாலும் உண்டு. கோரஸ், ஆக்டேவ் பெடல்களெல்லாம் பாட்டுக்குத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காசுக்கு நல்ல கேபிள் இரண்டு, கம்பி செட் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, ஆம்ப்பின் ஃபியூஸ் இரண்டு, துணி டேப் ஒரு சுருள் வாங்குங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்திருந்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

பழையதாக ஆம்ப் வாங்குவதாக இருந்தால் உங்கள் பேஸையும் உங்கள் கேபிளையும் எடுத்துப் போங்கள். எதையும் மாட்டாமல் வால்யூமை ஏற்றி இரைச்சலைக் கேளுங்கள், திருகிகளைச் சுற்றும்போது கரகரக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அடிக்கம்பியில் நீண்ட சுரங்களை உரக்க வாசித்துக் கேளுங்கள், கூம்பு உரசும் சத்தமோ பெட்டி கிடுகிடுக்கும் சத்தமோ அப்போதுதான் வெளிப்படும். அரை மணி நேரம் ஓடவிட்டுக் கை வைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் அல்லது பக்கத்துப் பெரிய ஊரில் அந்த பிராண்டைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கிளாஸ்-டி ஆம்ப்கள் இலகுவானவை, ஆனால் பழுதானால் சிறு சிறு பாகங்களாக மாற்ற முடியாமல் போர்டையே மாற்ற வேண்டியதாகிவிடுவது அதிகம். பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் கனமானது. தெருமுனை ரிப்பேர் கடையிலேயே உயிர் கொடுத்துவிடுவார்கள். மாதத்தில் பத்து நாள் வெளியூர்க் கச்சேரி என்றால் இந்த வித்தியாசத்துக்கு மதிப்பு உண்டு.

கடைசியாக ஐந்து கம்பி. மெல்லிசைக் குழுவுக்கு நான் ஆம் என்பேன். கீழே இருக்கும் பி கம்பியின் 31 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்காக அல்ல. அதைப் பெரும்பாலான மேடைகளின் சப்வூஃபர்களே வெளியிடாது. காரணம் சுருதிதான். பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் அரைக்கட்டை இறக்கச் சொல்வார். ஈ ஸ்கேலில் பழகிய பாட்டு ஈ ஃபிளாட்டுக்கு வந்துவிடும். நான்கு கம்பியில் ஆதார சுரம் அடியில் கிடைக்காமல் ஓர் ஆக்டேவ் மேலே ஏறி வாசிக்க வேண்டியிருக்கும், பாட்டின் எடை போய்விடும். ஐந்து கம்பியில் விரலை ஒரு ஃபிரெட் (கழுத்தில் உள்ள ஒரு கட்டம்) நகர்த்தினால் வேலை முடிந்தது. டி, சி ஸ்கேல் பாட்டுகளுக்கும் அப்படித்தான். வாங்கும்போது பி கம்பியை மட்டும் தனியாகச் சோதியுங்கள். மலிவான ஐந்து கம்பி பேஸ்களில் அது ரப்பர்போல் தொளதொளவென்று இருக்கும், சுரம் உருவாவதற்குள் அடுத்த பாரே வந்துவிடும். 34 அங்குல ஸ்கேலிலும் (அதிரும் கம்பியின் நீளம்) நன்றாக ஒலிப்பவை இருக்கின்றன, 35 அங்குலம் கொஞ்சம் இறுக்கம் கூட்டிக் கொடுக்கும், ஆனால் விரல் இன்னும் விரிய வேண்டும். கடையில் இருக்கும் சின்ன ஆம்ப்பிலேயே பி கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் டி வாசித்து, அடுத்து ஏ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டில் ஒரு ஆக்டேவ் மேலே உள்ள டி வாசியுங்கள். இரண்டும் ஒரே ஆள் பேசுவதுபோல் கேட்டால் அந்த பேஸை எடுத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் இப்போது இருக்கும் நான்கு கம்பியையும் விற்காமல் வைத்திருங்கள். புதியதில் கை பழகும்வரை கச்சேரிக்கு அதுவே கைகொடுக்கும்.